செனாவாங் போகுமுன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. செனாவாங் தொழிற்சாலையிலிருந்து உனக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருக்கிறது என்று நேற்று ராத்திரி உன் அம்மா போனில் சொன்னாள். பராமரிப்புப் பிரிவில் டெக்னீஷியன் வேலை, வருகிற செவ்வாய்க்கிழமை காலை. அவள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டபோது எனக்கும் மனசு நிறைந்தது. போனிலேயே நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொல்வதற்கெல்லாம் நீ “சரி மாமா, சரி மாமா” என்பாய், மறுநாள் பாதி மறந்துவிடும். எழுதி வைத்தால் பஸ்ஸில் போகும்போதுகூட எடுத்துப் பார்க்கலாம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆளெடுக்கும் பிரிவில் நெடுங்காலம் இருந்தவன் நான். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். லுக்குட், சிலியாவ், ரந்தாவ், நம் புக்கிட் பெலண்டோக் என்று எல்லாப் பக்கமிருந்தும் வருவார்கள். சட்டை தேய்த்துப் போட்டிருப்பார்கள், கோப்பு ஒழுங்காக இருக்கும், மரியாதைக்குக் குறைவே இருக்காது. ஆனால் கேள்வி கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்கள். மேலே ஏதாவது சொல்வார்களா என்று நாங்கள் காத்திருப்போம். சொல்ல மாட்டார்கள். வேலை நன்றாகத் தெரிந்த பிள்ளை என்று எனக்கு உள்ளுக்குள் தோன்றும். ஆனால் பக்கத்தில் இருக்கும் இன்ஜினியருக்கு அது எப்படித் தெரியும்? அவர் முன்னால் இருப்பது ஒரு தாளும் ஒரு வரி பதிலும்தான்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். உன் தாத்தா பாட்டி விடியுமுன் பெரட்டுக்குப் போய் வரிசையில் நிற்பார்கள். மண்டோர் பெயர் கூப்பிடுவார், கிராணி செக்ரோலில் பதிந்துகொள்வார், எந்த மர நிரை என்று சொன்னால் அங்கே போக வேண்டும். கேட்டதற்கு மட்டும் பதில். அதற்கு மேல் பேசினால் வாயாடி என்று பெயர் வரும், மேட்டு நிரையாகப் பார்த்துக் கொடுத்துவிடுவார்கள். பெரியவர்கள் முன்னால் அளவாகப் பேசு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். அன்றைக்கு அவர்களைக் காப்பாற்றிய பழக்கம் அது, அவர்கள் மேல் குற்றமில்லை. ஆனால் நேர்முகத் தேர்வு பெரட்டு இல்லை, பாப்பா. எங்கே போய் நிற்க வேண்டும் என்று சொல்வதற்காக உன்னை அங்கே கூப்பிடவில்லை. ஒரு பிரச்சினை வந்தால் உன் மூளை எப்படி வேலை செய்யும் என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார்கள். நீ பேசினால்தான் அது அவர்களுக்குத் தெரியும்.

என்ன பேசுவது என்பதுதான் உன் கவலை என்று அம்மா சொன்னாள். இணையத்தில் இருக்கும் நூறு கேள்வி, நூறு பதிலை மனப்பாடம் செய்யாதே. “நான் கடின உழைப்பாளி, குழுவாக வேலை செய்வேன், அழுத்தத்தைத் தாங்குவேன்” என்று ஒரே நாளில் பத்துப் பேர் ஒரே மாதிரி சொல்வதைக் கேட்டவன் நான். பத்துப் பேரில் ஒருவர் முகம்கூட மனதில் நிற்காது. அதற்குப் பதிலாக உன் வாழ்க்கையில் உண்மையாக நடந்த நாலைந்து விஷயங்களை எடுத்துக்கொள். ஒவ்வொன்றிலும் என்ன கோளாறு, நீ என்ன பார்த்தாய், என்ன செய்தாய், கடைசியில் என்ன ஆனது என்று ஒன்றுவிடாமல் யோசித்து வை. அவர்கள் எந்தப் பக்கமிருந்து கேட்டாலும் இந்த நாலைந்தில் ஒன்று பதிலாக வரும்.

போன வருஷம் மாரியம்மன் கோயில் திருவிழாவில் விளக்கு அணைந்து அணைந்து எரிந்ததே, அதையே எடுத்துக்கொள். உன் விண்ணப்பத்தில் அதை ஒரே வரியில் எழுதியிருக்கிறாய்: “கோயில் திருவிழாவில் மின்வேலைக்கு உதவினோம்.” உன் அம்மா காட்டினாள். அந்த ஒரு வரியில் நீ எங்கே இருக்கிறாய்? கூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறாய்.

நடந்தது என்ன என்று எனக்குத் தெரியும், நானும் அங்கேதான் இருந்தேன். சாயங்காலம் மழை விட்டதும் பந்தல் விளக்கெல்லாம் போய்விட்டது. சுவிட்சை மேலே தள்ளினால் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் விழுந்தது. லோடு அதிகம், பாதி விளக்கைக் கழற்று என்று எல்லோரும் கத்தினார்கள். நீ பெட்டியைப் பார்த்தாய். விழுந்தது எம்சிபி இல்லை, ஆர்சிசிபி. லோடு அதிகமானால் எம்சிபிதான் விழும். ஆர்சிசிபி விழுந்தால் மின்சாரம் எங்கேயோ கசிந்து மண்ணுக்குப் போகிறது என்று அர்த்தம். லைசென்ஸ் உள்ள வயர்மேன் அண்ணனிடம் இதைச் சொன்னாய், அவரும் சரியென்றார். எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு, ஆர்சிசிபியை ஏற்றி, ஒவ்வொரு சர்க்யூட்டாகப் போட்டுப் பார்த்தீர்கள். அன்னதானப் பந்தலுக்குப் போகும் சர்க்யூட்டைப் போட்டதும் விழுந்தது. அந்த வயரோடு நடந்து போனால், எக்ஸ்டென்ஷன் இணைப்பு ஒன்று ஈரப் புல்லில் கிடந்தது. அதைக் கழற்றி, காய்ந்த வேறொன்றைப் போட்டு, தரையில் படாமல் மேலே தூக்கிக் கட்டினீர்கள். பிறகு விடிய விடிய விளக்கு அணையவில்லை.

இதைச் சொல்ல இரண்டு நிமிஷம்கூட ஆகாது. ஆனால் கேட்கும் இன்ஜினியருக்கு எத்தனை விஷயம் தெரிந்துவிடும் பார். எந்தக் கருவி எதற்கு விழும் என்று உனக்குத் தெரியும். ஊரே ஒன்றைச் சொன்னாலும் நீ பெட்டியைப் பார்த்துத்தான் முடிவெடுப்பாய். ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேடுவாய். உரிமம் உள்ளவர் இல்லாமல் கை வைக்க மாட்டாய். கோளாறை நீக்கியதோடு நிற்காமல் மறுபடியும் வராமலும் பார்ப்பாய். இவ்வளவையும் “நான் திறமைசாலி” என்று ஒரு வார்த்தை சொல்லாமலே சொல்லிவிடலாம். வயர்மேன் அண்ணன் செய்ததை அவர் செய்தது என்றே சொல், நீ கவனித்ததை நீ கவனித்தது என்று சொல். அடக்கம் வேறு, மறைப்பது வேறு. பாலிடெக்னிக்கில் செய்த கடைசி ஆண்டு புராஜெக்ட், தொழிற்பயிற்சிக்குப் போன இடத்தில் நடந்தது, அப்பாவுடைய புல்வெட்டும் மெஷினை நீ பழுது பார்த்தது, எல்லாவற்றையும் இதே மாதிரி எழுதி வாயால் சொல்லிப் பார்.

இன்னொரு கேள்வி கண்டிப்பாக வரும். “எந்த ஊர்?” என்பார்கள். நீ “போர்ட்டிக்சன் பக்கம்” என்று சொல்லி நழுவுவதை நான் கேட்டிருக்கிறேன். போர்ட்டிக்சன் என்றால் கடற்கரை, ஹோட்டல் என்று எல்லோருக்கும் தெரியும். புக்கிட் பெலண்டோக் என்றால், வயதானவர்கள் யாராவது இருந்தால், “ஓ, நிப்பா வந்த இடமா?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குக் கூச்சப்படாதே. நீ பிறப்பதற்கு முன்னால் நடந்தது, உனக்கு யாரும் முழுசாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் சொல்கிறேன்.

1998 கடைசியில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. அங்கிருந்து பன்றிகளை லாரியில் கொண்டுவந்ததில் நோய் நெகிரி செம்பிலானுக்குள் நுழைந்தது. சிக்காமாட்டில் வந்தது, பிறகு நம் பக்கம் பெரிதாக வெடித்தது. அப்போது நம் ஊரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் பன்றிப் பண்ணைதான். பண்ணைக்காரர்கள் சீனர்கள், கூலிக்குப் போனவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் முடிவு செய்தார்கள். அது கொசுவால் பரவுவது. அதனால் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் ஆட்கள் விழுந்துகொண்டே இருந்தார்கள்.

அந்த முடிவோடு பொருந்தாத விஷயங்கள் இருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறு பிள்ளைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் பன்றியோடு புழங்கிய பெரிய ஆண்கள். தடுப்பூசி போட்டவர்களுக்கும் வந்தது. பன்றிகளும் கூடவே இருமிச் செத்தன. மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் 1999 மார்ச்சில் நோயாளியின் மாதிரியிலிருந்து அதுவரை யாரும் பார்க்காத ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார். அந்த நோயாளியின் கம்பமான சுங்கை நிப்பாவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். பழந்தின்னி வௌவாலிலிருந்து பன்றிக்கும், பன்றியிலிருந்து மனிதனுக்கும் வந்தது என்று பிறகு தெரிந்தது. மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டது, 105 பேர் இறந்தார்கள். ராணுவம் வந்து பன்றிகளை அழித்தது. பத்து லட்சத்துக்கு மேல். நம் பக்கத்தில் பன்றிப் பண்ணைத் தொழிலே நின்றுபோனது. பிழைப்பு போனவர்கள் வேறு வேலை தேடிப் போனார்கள்.

இதை எதற்கு இவ்வளவு எழுதுகிறேன் என்றால், “உன் ஊரைப் பற்றிச் சொல்” என்று கேட்டால் இதைச் சொல்லலாம். பரிதாபக் கதையாகச் சொல்லாதே. “எங்கள் ஊரில் நிப்பா வந்தபோது முதலில் தவறான நோய் என்று நினைத்தார்கள். வயது பொருந்தவில்லை, தடுப்பூசி வேலை செய்யவில்லை என்று கவனித்தவர்கள் மறுபடியும் தேடியதால்தான் கண்டுபிடித்தார்கள். கோளாறு பார்க்கும்போது பொருந்தாத ஒன்றை ஒதுக்கிவிடக் கூடாது என்று அதிலிருந்து கற்றுக்கொண்டேன்” என்று சொல். ஒரு டெக்னீஷியனிடம் அவர்கள் எதிர்பார்க்கும் புத்தி இதுதான். நீ ஆர்சிசிபியைப் பார்த்ததும் இதே புத்திதான். நம் ஊர் மருத்துவப் புத்தகங்களில் ஏறிய ஊர், பாப்பா. அங்கே நிறையப் பேர் உயிரை விட்டிருக்கிறார்கள். அந்தப் பெயரை மறைக்காதே.

இனி அவர்கள் கேட்கக்கூடிய தொழில் கேள்விகள். பராமரிப்பு வேலைக்கு வருபவரிடம் மோட்டார் பற்றிக் கேட்காமல் விடமாட்டார்கள். “மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது டிரிப் ஆகிறது, என்ன பார்ப்பாய்?” என்றால், உடனே ஒரே பதிலைச் சொல்லிவிடாதே. முதலில் பாதுகாப்பிலிருந்து தொடங்கு: மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, அட்டை மாட்டி, டெஸ்டர் வைத்து மின்சாரம் இல்லை என்று உறுதி செய்வேன் என்று சொல். பிறகு யோசிப்பதை வாய்விட்டுச் சொல். ஓவர்லோடு ரிலே எவ்வளவில் வைத்திருக்கிறது, மூன்று ஃபேசும் வருகிறதா, கையால் சுற்றினால் தண்டு சுற்றுகிறதா, பேரிங் இறுகியிருக்கிறதா, மெக்கர் வைத்தால் இன்சுலேஷன் எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போ. ஸ்டார்-டெல்டா ஏன் வைக்கிறோம் என்று கேட்டால், ஸ்டாரில் லைன் கரண்ட் மூன்றில் ஒரு பங்காகக் குறையும், ஆனால் டார்க்கும் மூன்றில் ஒரு பங்காகிவிடும், அதனால் கனமான லோடோடு ஸ்டார்ட் ஆகும் இடத்தில் அது சரிப்படாது என்று இரண்டு பக்கமும் சொல். பாதி சொன்னால் மனப்பாடம் என்று தெரிந்துவிடும்.

தெரியாத கேள்வி வந்தால்? வரும். பிஎல்சி மாடல் ஒன்றைச் சொல்லி, இதில் வேலை செய்திருக்கிறாயா என்பார்கள். “இதில் செய்ததில்லை. பாலிடெக்னிக்கில் வேறு மாடலில் லேடர் எழுதியிருக்கிறேன். இங்கே என்றால் முதலில் இன்புட் விளக்குகள் எரிகின்றனவா என்று பார்ப்பேன்” என்று சொல். தெரியாததை ஒப்புக்கொண்டு தெரிந்த இடத்திலிருந்து தொடங்குபவரை நாங்கள் மதிப்போம். ஆனால் ஒரே பொய்யில் பிடிபட்டால் முன்னால் சொன்ன எல்லாமே சந்தேகத்துக்கு வந்துவிடும்.

அந்தத் தொழிற்சாலை என்ன செய்கிறது என்று இப்போது உனக்குத் தெரியுமா? அம்மாவிடம் கேட்டேன், “ஏதோ எலக்ட்ரானிக்” என்றாள். அது போதாது. சிரம்பான் வட்டாரத்திலேயே ஆன் செமிகண்டக்டர் சிப் செய்கிறது, சாம்சங் எஸ்டிஐ பேட்டரி செய்கிறது. இரண்டும் எலக்ட்ரானிக் என்றுதான் ஊரில் சொல்வோம். ஆனால் மெஷின் வேறு, ஆபத்து வேறு, சுத்தம் பார்க்கும் முறை வேறு. நீ போகும் இடம் என்ன பொருள் செய்கிறது, யாருக்கு விற்கிறது, எத்தனை ஷிப்ட் ஓடுகிறது என்று தேடு. புர்சா மலேசியாவில் பதிவு செய்த கம்பெனி என்றால் ஆண்டறிக்கை இலவசமாகவே இருக்கும், முதல் பத்துப் பக்கம் படித்தாலே போதும். அதைவிட நல்ல வழி, விடிகாலை ஃபேக்டரி பஸ் ஏறும் நம் அக்காமார்களைக் கேட்பது. எந்த லைன் அடிக்கடி நிற்கிறது என்று எந்த இணையதளத்திலும் போட மாட்டார்கள். அவர்களுக்குத் தெரியும்.

மொழி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அந்த மாதிரி இடத்தில் ஆங்கிலத்திலும் கேட்பார்கள், மலாயிலும் கேட்பார்கள். உன் மலாய் சரளம்தான், ஆனால் அது கடைத்தெருவில் பேசிப் பழகிய மலாய். அறைக்குள் “சாயா” என்று சொல், “துவான்”, “புவான்” என்று கூப்பிடு, வாக்கியத்தை முடி. ஆங்கிலத்தில் பெரிய வார்த்தை தேடாதே. நடந்து முடிந்ததைச் சொல்லும்போது காலம் தவறாமல் சொன்னால் போதும். கோயில் விளக்குக் கதையை இரண்டு மொழியிலும் போனில் பதிவு செய்து கேட்டுப் பார். எங்கே இழுக்கிறாய், எங்கே “அப்புறம், அப்புறம்” என்கிறாய் என்று உன் காதுக்கே தெரியும். மாண்டரின் தெரியுமா என்று கேட்டால் தெரியாது என்று நேராகச் சொல்லிவிட்டு, தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் வேலை விஷயம் விளக்குவேன் என்று சொல். மூன்று மொழி சின்ன விஷயமில்லை.

பெண் பிள்ளை என்பதால், “கல்யாணம் எப்போது?”, “நைட் ஷிப்டுக்கு வீட்டில் விடுவார்களா?” என்றும் கேட்பார்கள். கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்கிறார்களே என்று எனக்குக் கோபம் வரும். ஆனால் அங்கே நீ கோபப்பட வேண்டாம். ஷிப்ட் வேலை என்று தெரிந்துதான் விண்ணப்பித்தேன், போக்குவரத்துக்கு ஏற்பாடு இருக்கிறது என்று வேலைக்குச் சம்பந்தப்பட்ட பாதிக்கு மட்டும் பதில் சொல். ஏணியில் ஏறுவாயா, பாரம் தூக்குவாயா என்றால், தொழிற்பயிற்சியில் என்ன செய்தாய் என்று சொல்.

சம்பளம் கேட்பார்கள். நம் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் மிகவும் குழம்புகிறார்கள். “நீங்கள் கொடுப்பதைக் கொடுங்கள்” என்று சொல்லிவிடாதே. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அது அனுபவமும் படிப்பும் இல்லாதவருக்கும் சட்டம் தரும் தரை. டிப்ளமா வைத்திருக்கும் நீ அதற்கு மேலேதான் பேச வேண்டும். உன்னோடு படித்து முன்னால் வேலைக்குப் போனவர்களிடம் கேட்டு ஒரு வீச்சு வைத்துக்கொள், இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்று சொல். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஷிப்ட் அலவன்ஸ் எவ்வளவு என்று பிரித்துக் கேள், ஏனென்றால் பல இடங்களில் ஓவர்டைமை அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்குப் போடுவார்கள். 2,000 ரிங்கிட் என்றால் 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் 76.92. எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 9.62. வேலை நாளில் ஓவர்டைமுக்கு அதற்கு ஒன்றரை மடங்கு, 14.42. ஓய்வு நாளில் சாதாரண வேலை நேரத்துக்கு மேல் செய்தால் இரண்டு மடங்கு, பொது விடுமுறையில் அப்படிச் செய்தால் மூன்று மடங்கு. 2023 ஜனவரியிலிருந்து வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை நேரம். இபிஎஃப் உன் சம்பளத்தில் 11 விழுக்காடு பிடிப்பார்கள், முதலாளி 13 விழுக்காடு போட வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் அறையில் சொல்லத் தேவையில்லை. ஆனால் உனக்குத் தெரிந்திருந்தால் குரல் நடுங்காது.

கேட்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்று முடிவில் கேட்பார்கள். இல்லை என்று சொல்லாதே. முதல் மூன்று மாதம் யாருக்குக் கீழே பயிற்சி, எந்த மெஷின் அதிகம் தொந்தரவு கொடுக்கிறது, புரபேஷன் எவ்வளவு நாள் என்று கேள். இரண்டாவது கேள்விக்கு இன்ஜினியர்கள் ஆர்வமாகப் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். லீவு எத்தனை நாள் என்பதை ஆஃபர் கடிதம் வந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

உடுப்பு பற்றி அம்மா ரொம்ப யோசிக்கிறாள். பஞ்சாபி சூட் வேண்டாம், துப்பட்டா மெஷின் பக்கம் ஆபத்து. கால்சட்டை, முழுக்கைச் சட்டை, விரல் மூடிய ஷூ. பேச்சு முடிந்ததும் தளத்தைச் சுற்றிக் காட்டக் கூட்டிப் போவார்கள், திறந்த செருப்போடு உள்ளே விடமாட்டார்கள். வளையலையும் தொங்கும் கம்மலையும் வீட்டில் வைத்துவிட்டுப் போ. மின்வேலைக்கு வரும் பிள்ளை கையில் உலோகம் இல்லாமல் வந்தால் பார்ப்பவர் கவனிப்பார், நான் கவனித்திருக்கிறேன். அடையாள அட்டை, எஸ்பிஎம் சான்றிதழ், டிப்ளமா, மதிப்பெண் பட்டியல், தொழிற்பயிற்சிக் கடிதம், எல்லாவற்றிலும் அசலும் நகலும், அவர்கள் கடிதத்தில் கேட்ட வரிசையிலேயே அடுக்கு. காலையில் செனாவாங் பக்கம் சாலை நெரியும், மோட்டார் சைக்கிளில் போகாதே, அப்பா காரில் கொண்டுபோய் விடட்டும். வாசலில் காவலரிடம் ஐசி கொடுத்து பாஸ் வாங்க நேரம் எடுக்கும், அதையும் கணக்கில் வை.

இன்னொன்று, இந்த வேலைக்கு இல்லாவிட்டாலும் தெரிந்து வைத்துக்கொள். நேர்முகத் தேர்வுக்கு முன்னாலோ பின்னாலோ யாராவது பயிற்சிக் கட்டணம், யூனிஃபார்ம் பணம், ஏஜென்ட் பணம் என்று கேட்டால் அது வேலையே இல்லை. டெலிகிராமில் பேசி, வெளிநாட்டு டிக்கெட்டை நாங்களே போடுகிறோம் என்பவர்களை நம்பி கம்போடியாவில், மியன்மாரில் மாட்டிய நம் நாட்டுப் பிள்ளைகள் உண்டு. சம்பளம் போட என்று சொல்லி ஏடிஎம் கார்டைக் கேட்டாலும் கொடுக்காதே. பணம் போய்விட்டால் உடனே 997-க்குக் கூப்பிட வேண்டும். உன் தோழிகளுக்கும் சொல்.

செவ்வாய்க்கிழமை வெளியே வந்ததும் காரில் உட்கார்ந்து, அவர்கள் கேட்ட கேள்வி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுது. எதற்கு நன்றாகச் சொன்னாய், எங்கே திணறினாய் என்றும் எழுது. அன்று சாயங்காலம் நன்றி சொல்லி நாலு வரி மின்னஞ்சல் அனுப்பு. கிடைத்தால் ஆஃபர் கடிதத்தில் கையெழுத்துப் போடுமுன் எனக்குப் படம் எடுத்து அனுப்பு. பயிற்சி கொடுத்தோம், இத்தனை வருஷத்துக்குள் போனால் பணம் கட்டு என்று பாண்டு போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கிடைக்காவிட்டால் அந்தத் தாள் அடுத்ததற்கு உதவும். நீலாயில், பண்டார் என்ஸ்டெக்கில், போர்ட்டிக்சன் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில், கேஎல்ஐஏ விமான நிலையத்தில் எல்லாம் பராமரிப்புக்கு ஆள் தேவைப்படும். அரசு வேலைக்கு எஸ்பிஏவிலும் பெயர் பதிந்து வை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வா, அல்லது வீடியோ கால் போடு. கால் என்றால் வீட்டுக்குள் லைன் விட்டு விட்டு வரும், திண்ணைப் பக்கம் உட்கார். முதல் பாதி மலாயில், மறுபாதி ஆங்கிலத்தில் நான் கேள்வி கேட்கிறேன். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து உன் முகத்தைப் பார்த்துச் சொல்வாள். “உன்னைப் பற்றிச் சொல்” என்பதிலிருந்து தொடங்குவோம். கோயில் விளக்குக் கதையைத் தயார் செய்து வை, ஊர்ப் பெயரையும் முழுசாகச் சொல்லிப் பழகு. அதுவரை மோட்டார் பாடத்தையும் ரிலே பாடத்தையும் ஒரு முறை புரட்டு.

அம்மாவிடம் சட்டை தைக்கக் கொடுக்க வேண்டாம் என்று சொல், இருப்பதே போதும்.

அன்புடன்,
மாமா